கணிப்பொறியில் தமிழ் குடியேறிய வரலாறு

கீற்றுக் கூரைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கீற்று வேய வேண்டியிருப்பதுபோலக் கணிப்பொறிக்கும் அவ்வப்போது அதன் அடிப்படை மென்பொருளைக் களைந்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கிறது. இந்த அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். விசைப்பலகையில் நாம் தட்டுவதை வாங்கிக்கொள்வது, எழுத்தைத் திரையில் காட்டுவது, எழுதியதை வட்டில் பதிந்து வைப்பது ஆகிய மூன்றும் அதன் தலையாய பணிகள். அது பழுதுபட்டால் இயந்திரம் முழுவதும் செயலற்றுப் போகும். அந்நிலையில் வட்டைத் துடைத்துப் புதிய இயங்குதளத்தை இடுவதைப் ‘பார்மட் போடுதல்’ என்று கடைத்தெருவில் கூறுவர்.

தெற்கு அந்தமானில் பெரார்கஞ்ச் வட்டத்தைச் சேர்ந்த சௌல்தாரி போன்ற சிற்றூர்களில் இந்த வேலைக்குத் தேவை அதிகம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழை கொணரும் தீவு இது. ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ஈரமும் உப்புக்காற்றும் மின் இணைப்புகளை அரிக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு சிதைகிறது. சில சமயம் இயங்குதளமே சிதைகிறது. இத்தகைய மண்ணில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்று 2011-ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கு கூறுகிறது. சங்கங்களின் தீர்மானங்கள், கோயில் திருவிழாக் கணக்குகள், பள்ளி ஆண்டுமலர்கள், திருமண அழைப்பிதழ்கள் என இவர்கள் கணிப்பொறியில் எழுதிவைத்த தமிழ் ஏராளம். ஆகவே ஒரு வினா இயல்பாக எழுகிறது: இயங்குதளத்தை மாற்றும்போது அந்தத் தமிழ் என்ன ஆகிறது?

இதற்கு விடை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. தமிழ் எழுத்து கணிப்பொறியில் எங்கே குடியிருந்தது என்பதைப் பொறுத்தே விடையும் அமைந்தது. அந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண்போம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதில் வன்தட்டு கிடையாது. டாஸ் என்னும் இயங்குதளம் ஒரு நெகிழ்வட்டில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவ்வட்டைச் செருகியே இயந்திரத்தை எழுப்பினர். வட்டு கெட்டால் வேறொரு வட்டு. மறுநிறுவல் என்ற தனி வேலை அன்று தோன்றவில்லை. 1983-இல் வந்த அடுத்த இயந்திரத்தில் 10 மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு அமைந்தது. இயங்குதளமும் மனிதர் எழுதிய கோப்புகளும் ஒரே வட்டில் ஒன்றாக வாழத் தொடங்கியது அப்போதுதான். ஒன்றைத் துடைத்தால் மற்றொன்றும் போகும் என்ற அபாயமும் உடன் வந்தது. அவ்வாண்டே டாஸின் இரண்டாம் பதிப்பில், காப்பு நகல் எடுக்கவும் அதைத் திரும்பப் பெறவும் இரு கட்டளைகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஒரு பதிப்பு எடுத்த நகலை வேறொரு பதிப்பு படிக்க மறுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. நகல் இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கும் கருவியும் இருக்க வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

அக்காலத்தில் இந்திய மொழிகளுக்குக் கிடைத்த முதல் வீடு ஓர் அட்டை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து ‘ஜிஸ்ட்’ என்னும் தொழில்நுட்பம் உருவாயிற்று. 1988-இல் நிறுவப்பெற்ற சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் அதை வளர்த்தது. கணிப்பொறியைத் திறந்து உள்ளே செருகும் இவ்வட்டையில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் எழுத்துகள் பொதிந்திருந்தன. டாஸை எத்தனை முறை மாற்றினாலும் அட்டை அப்படியே இருந்தது. ஆனால் அட்டை இல்லாத இயந்திரத்துக்கு அக்கோப்பை எடுத்துச் சென்றால் தமிழ் தென்படாது. வீடு உறுதியானது; எனினும் ஊருக்கு ஒன்றாக இருந்தது.

1990-களில் விண்டோஸ் பரவியபோது தமிழ் இரண்டாவது வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அது எழுத்துரு என்னும் சிறிய கோப்பு. விண்டோசுக்கு அன்று தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்கள் மட்டுமே தெரியும். ஆகவே அந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பெருவழக்காய் இருந்த பாமினி எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆங்கிலச் சிறிய ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அ’ இருந்தது. ‘கே’யின் இடத்தில் ‘ம’. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. ‘எச்’சின் இடத்தில் துணைக்கால். ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் வட்டில் பதிந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே. தமிழ் என்பது அவற்றின்மேல் போர்த்திய ஆடையாக இருந்தது.

இதன் விளைவு மறுநிறுவலின்போது தெரிந்தது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95, நெகிழ்வட்டுப் பதிப்பில் 13 வட்டுகளாக வந்தது. அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி நிறுவிய பின்னர், முன்னரே நகலெடுத்து வைத்த கோப்புகளைத் திருப்பி இடுவர். கோப்பு குறையாமல் இருக்கும். பக்கங்களும் சரியாக இருக்கும். ஆனால் திறந்து பார்த்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் வரிசைவரிசையாய் நிற்கும். எழுத்துரு பழைய இயங்குதளத்தின் கோப்புறையில் இருந்தது. வட்டைத் துடைத்தபோது அதுவும் போயிற்று. ஆவணத்தைக் காத்தோர் எழுத்தைக் காக்க மறந்தனர். அவ்வெழுத்துரு மீண்டும் கிடைத்தால் ஆவணம் உயிர்பெறும்; கிடைக்காவிடில் அது பூட்டிய பெட்டி. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையில் எழுத்துகளை அடுக்கியிருந்தமையால், ஒருவருடைய சாவி மற்றொருவருடைய பூட்டுக்குப் பொருந்தவில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றோர் பலர். உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர் மின்னஞ்சல் வழியே கூடிப் பேசி, ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. சாவிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் சாவியைத் தனியே சுமக்கும் தொல்லை நீங்கவில்லை.

மூன்றாவது வீட்டுக்கான அடித்தளம் இதற்கு முன்னரே இடப்பட்டிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையின் முதற்பதிப்பு 1991-இல் வெளியாயிற்று. அதிலேயே தமிழுக்கும் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. தமிழ் ‘அ’ என்பது இனி ஆங்கில ‘எம்’மின் போர்வை அன்று, உலகெங்கும் அதற்கென ஓர் எண் உண்டு. ஆனால் ஏட்டில் இடம் கிடைத்தபின் இயந்திரத்தில் இடம் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 இயங்குதளத்தில்தான் தமிழ் முதன்முதலாக இடம்பெற்றது. ‘லதா’ என்னும் எழுத்துருவும் உடன் வந்தது.

அப்போதும் கதவு முழுமையாகத் திறக்கவில்லை. 2001-இல் வெளியாகிப் பல்லாண்டுகள் நம் நாட்டில் ஆட்சி செலுத்திய விண்டோஸ் எக்ஸ்பி-யில், சிக்கலான எழுத்து வடிவங்களுக்குரிய கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு மொழி அமைப்புப் பகுதியில் ஒரு கட்டத்தைக் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டையும் செருக வேண்டும். இது செய்யப்படாத இயந்திரத்தில் ‘கொ’ என்பதன் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன் வராமல் இடம் தவறி நிற்கும். ஒவ்வொரு மறுநிறுவலுக்குப் பின்னும் இதை மறவாமல் செய்ய வேண்டியிருந்தது. குறுந்தகடு தொலைந்த ஊரில் தமிழ் கால் முறிந்தே நடந்தது. 2007-இல் பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் இத்தொல்லை நீங்கித் தமிழ் தானாகவே சரிவரத் தெரிந்தது.

இன்னொரு திசையிலும் பணி நடந்தது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸை எவரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். தமிழ்த் தன்னார்வலர்கள் அதன் திரைச்சொற்களைத் தமிழாக்கினர். சென்னையிலுள்ள சி-டாக் 2007-இல் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை இந்திய மொழிகளோடு வெளியிட்டது. லினக்ஸில் இயங்குதளத்துக்கு ஒரு பகுதி, பயனர் கோப்புகளுக்கு மற்றொரு பகுதி என வட்டைப் பிரித்துவைக்கும் பழக்கம் உண்டு. அவ்வாறு பிரித்திருந்தால் முதற்பகுதியைத் துடைத்தாலும் இரண்டாம் பகுதி கலையாது. விண்டோஸிலும் இவ்வாறு பிரிக்கலாம் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்க.

2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தருவதற்கென 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வரலாறு இங்கே கருதத்தக்கது. திஸ்கி முறையில் பதிந்து வந்த நூல்களை அதன் தொண்டர்கள் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கினர். அவ்வாறு குடிபெயர்த்தமையால் இன்று எந்த எழுத்துருவையும் தேடாமல் அந்நூல்களைப் படிக்க முடிகிறது. அப்படிக் குடிபெயராத தனியார் ஆவணங்களோ இன்னும் பழைய வட்டுகளில் உறங்குகின்றன.

இனித் தீவுகளுக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியதை இங்கே எவரும் மறந்திலர். மூலமும் நகலும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்தால், நீர் புகும்போது இரண்டும் ஒன்றாகவே போகும். ஆகவே ஒரு நகல் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது கணிப்பொறி அறிஞர் அனைவரும் கூறும் விதி. முன்னர் இத்தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. அந்த மெதுவான இணைப்பில் பெரிய கோப்புகளைக் கடல் கடந்து அனுப்புவது எளிதாயில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது இந்நகரமே. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடம் கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் முதலிய தீவுகளையும் இணைக்கிறது. சௌல்தாரியில் எழுதியதன் நகலை அன்றே பெருநிலத்தில் வைக்க இதனால் வழி பிறந்தது. வடமும் ஒருநாள் அறலாம். எனவே உள்ளூரில் ஒரு நகலைக் கைவிடலாகாது.

பராமரிப்பின் தேவையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 2017-ஆம் ஆண்டு மே 12 அன்று நேர்ந்தது. ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயப்பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில் வழங்கியிருந்தது. அதை நிறுவாத இயந்திரங்களே பெரிதும் சிக்கின. இத்தகைய நிரல்கள், கணிப்பொறியோடு இணைந்து நிற்கும் நகல் வட்டையும் பூட்டிவிடும். நகலெடுத்தவுடன் வட்டைக் கழற்றி வைப்பது அதனால்தான் அவசியம். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டமையால், மறுநிறுவலை எதிர்நோக்கும் இயந்திரங்கள் இன்று மிகப் பல.

அவ்வாறு எதிர்நோக்குவோர் ஒரு முறையைக் கைக்கொள்வது நலம். முதலில் பழைய கோப்புகள் எந்தெந்த எழுத்துருவில் உள்ளன என்று பட்டியலிடுக. அவ்வெழுத்துருக்களையும் கோப்புகளோடு சேர்த்து நகலெடுக்க. பின்னர் எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுக. மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்துப் பார்க்க. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளோர் அறிவர்: ஒரு துணைக்கால் விடுபட்டால் ‘பாடம்’ ‘படம்’ ஆகிவிடும். மூலத்தை உடனே அழித்துவிட வேண்டாம். மொத்தம் மூன்று படிகள். அவை குறைந்தது இருவகைச் சாதனங்களில். ஒரு படி வேற்றூரில். ஒவ்வொரு நகலும் திறக்கிறதா என்று வேறொரு கணிப்பொறியில் பார்த்த பின்னரே வட்டைத் துடைக்கலாம்.

இயங்குதளத்தைக் கெட்டால் மீண்டும் பெறலாம். அதே பதிப்பு உலகில் கோடிக்கணக்கான இயந்திரங்களில் உள்ளது. 1998-இல் ஒரு சிற்றூர்ச் சங்கம் நிறைவேற்றிய தீர்மானத்துக்கோ, ஒரு பள்ளியின் முதல் ஆண்டுமலருக்கோ உலகில் வேறு படி இராது. அட்டையிலும் எழுத்துருவிலும் ஒண்டிக் குடியிருந்த தமிழுக்கு இன்று இயங்குதளத்திலேயே சொந்த வீடு அமைந்திருக்கிறது. பழைய வீட்டில் தங்கிவிட்டவற்றை, அது இடியுமுன் புதிய வீட்டுக்குக் கொண்டுவருவது அவற்றை எழுதியவர்களின் கையிலேயே உள்ளது.