வீட்டுத் தொட்டியில் சுறா வளர்க்கலாமா?

என் மருமகனின் இரண்டடித் தொட்டிக்குச் சுறா வேண்டுமாம். கடையில் காட்டிய இரண்டு வகையுமே சுறா அல்ல. கறுப்பு ஓரச் செட்டைகள் கொண்ட வெள்ளி நிற ‘பாலா ஷார்க்’ கெண்டைக் குடும்பம்; 35 சென்ரிமீற்றர் வரை வளரும். மற்றது மீகொங் ஆற்றுக் கெளிறு. விரலளவில் விற்பார்கள், ஒரு மீற்றரையும் தாண்டும். வளர்ந்தபின் குளத்தில் விடுவது இன்னும் பெரிய பிழை.

உண்மையான சுறாவையும் சிலர் வளர்க்கிறார்கள். பழுப்புப் பட்டை மூங்கில் சுறா முட்டையிலிருந்து வரும்போது ஒரு சாண்கூட இராது; பிறகு ஏறக்குறைய 1 மீற்றர். கடல்நீர், மணல் தரை, இரவில் அலைய இடம் வேண்டும். கழிவு அதிகம், சிறிய வடிகட்டி தாங்காது. மற்ற மீன்களின் நோய்க்கு ஊற்றும் செம்பு மருந்து அதற்கு நஞ்சு.

வீட்டுக்கு ஒத்துவராது என்றேன். கப்பி வாங்கிக் கொடுத்தேன். மருமகனின் முகம் இன்னும் கோணல்தான்.