முதியோர் இல்லக் கொடுமைகளும் புகார் வழிகளும்: விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரம்

முதியோர் இல்லத்தில் நடக்கும் கொடுமையோ திருட்டோ உள்ளே இருப்பவர் வாயிலாக வெளிவருவது அரிது. உணவுக்கும் மருந்துக்கும் யாரை நம்பியிருக்கிறாரோ அவர்மீதே புகார் சொல்ல முதியவர் அஞ்சுவார். தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்பட்ட இரு நிகழ்வுகள் இதை உணர்த்துகின்றன.

சட்டமும் அதன் இடைவெளியும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் நிறைவேறியது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. பராமரிப்பு கோரும் மனுக்களை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் 23ஆம் பிரிவின்கீழ் மீட்கலாம். பிள்ளைகள் கைவிடுவதைத் தடுப்பதே சட்டத்தின் முதன்மை நோக்கம். முதியோர் இல்லத்தை அது புகலிடமாகவே கண்டது. அங்கேயே தீங்கு நேர்ந்தால் என்ன செய்வது என்பதை அது விரிவாகப் பேசவில்லை.

வெளியிலிருந்து எழுந்த குரல்

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் காய்கறி ஏற்றிய வண்டியொன்றிலிருந்து மூதாட்டி ஒருவர் உதவி கேட்டுக் கத்தினார். மக்கள் மறித்துப் பார்த்தபோது அதே வண்டியில் ஓர் இறந்த உடலும் இருந்தது. பாலேசுவரத்தில் இயங்கிய கருணை இல்லத்தில் அதிகாரிகள் ஆய்வு நடத்தினர். அங்கிருந்த முதியோர் பலர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமம் செய்தியானது. அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அதையடுத்து நடந்த சோதனையில் 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்துத் துன்புறுத்தல், பாலியல் வன்கொடுமை ஆகிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. ஒரே ஒருவரைப் பற்றி விடாமல் கேட்டதால்தான் மற்ற அனைவரின் நிலையும் தெரியவந்தது.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன்மலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கே உள்ள கல்வராயன்மலை, 1976இல் அரசு ஏற்கும்வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் முறையிட வேண்டியிருந்ததும் அவர்களிடமே. யார்மீது புகாரோ அவரிடமே முறையிட வேண்டிய நிலை, முதியோர் இல்லத்தில் இருப்பவர் இன்று படும் பாட்டை ஒத்தது.

இன்றுள்ள வழிகள்

2021இல் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண்ணை மலையிலிருந்தும் அழைக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அடி, திருட்டு, பண மோசடி ஆகியவை காவல்துறை விசாரிக்க வேண்டிய குற்றங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். உடலில் கண்ட காயம், காணாமற்போன நகை, வங்கிக் கணக்கில் குறைந்த தொகை ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து வைத்தால் புகார் வலுப்பெறும்.

அமெரிக்காவில் இல்லவாசிகளின் குறைகளைக் கேட்கும் தனி அலுவலரை ஒவ்வொரு மாநிலமும் அமர்த்த வேண்டும் என்பது 1978இல் சட்டமானது. இந்தியாவில் இல்லங்களின் பதிவைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே உறவினரின் வருகையும் அக்கம்பக்கத்தாரின் கேள்வியுமே முதியவருக்கு இன்றும் முதல் பாதுகாப்பு.