புல்லிங் வேணும் அண்ணாச்சி

ராஜபாளையத்தில் டீசல் பம்ப் பட்டறை வைத்திருந்த காலத்தில், வண்டிக்கு வேகம் வேண்டும் என்று என்னிடம் வந்தவர் எவருமில்லை. வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, புல்லிங் இல்ல. கொஞ்சம் பாத்து விடுங்க." ஏற்றத்தில் திணறாமல் இழுக்க வேண்டும், டீசல் கூடுதலாகக் குடிக்கக் கூடாது, புகையும் வரக் கூடாது. இந்த மூன்றையும் ஒரு திருப்புளியை வைத்துக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துவார்கள்.

ஊரைப் பார்த்தால் இந்த ஆசை வியப்பாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி வழியாகத் திருமங்கலம் வரை பெரிய ஏற்றம் கிடையாது. மேற்கே மலை இருக்கிறது, மலைக்குப் போகிற லாரிப் பாதை இல்லை. ஆனால் லோடு போகிற இடம் கேரளம். அதே சாலையில் தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வரை சும்மா போய்விடலாம். புளியரையில் எஸ் வளைவு வரும். அங்கிருந்து ஆரியங்காவு வரை வண்டியின் யோக்கியதை தெரிந்துவிடும். முன்பு 208 என்றிருந்து இப்போது 744 ஆகியிருக்கும் அந்தத் தேசிய நெடுஞ்சாலைதான் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்குப் பரீட்சை எழுதும் இடம். அங்கே முதல் கியரில் ஊர்ந்து, ரேடியேட்டர் கொதித்து நின்ற வண்டிக்காரர்கள்தான் மறுநாள் பட்டறைக்கு வருவார்கள்.

லோடும் ஒரே மாதிரி இல்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைத் தார்ப்பாய் முட்ட ஏற்றினாலும் எடை வராது. அந்த வண்டிக்கு எதிரி காற்றுதான். ஆர்.ஆர்.நகர் சிமென்ட் நேர் எதிர். பாடியில் பாதி உயரம்கூட வந்திருக்காது, பின்பட்டை ஸ்பிரிங் நிமிர்ந்துவிடும். அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்புகளில் மாங்காய் ஏற்றும் ஜீப்புக்கு மண்பாதையில் முதல் கியர் இழுவை வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால் வண்டிக்காரருக்கோ புல்லிங் பற்றிய கவலையே கிடையாது. பால்கோவா அடுப்புக்கு நேரத்தோடு பால் போய்ச் சேர வேண்டும். விடியற்காலையில் ஒரே செல்ஃபில் வண்டி எழும்ப வேண்டும். இந்த நான்கு பேருக்கும் ஒரே என்ஜினையும் ஒரே செட்டிங்கையும் சொல்கிறவன் மெக்கானிக் இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மதுரை மேஸ்திரி, கரிவாயு பஸ்ஸிலிருந்துதான் கதையை ஆரம்பிப்பார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும், பஸ்ஸின் பின்னால் ஒரு இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரி போட்டு எரித்து, வந்த வாயுவில் பெட்ரோல் என்ஜினை ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். அந்தக் கருவியையே செய்து விற்றது. ஓட்டுநருக்கு உதவியாகக் கரி கிளறுவதற்கென்று ஒரு பையன் இருப்பான். கரிவாயுவில் என்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். என்ஜின் அதுவே, எரிபொருள் மாறினால் வண்டியே வேறு ஆகிவிடும் என்பதை எங்கள் தொழில் அந்தக் கரியில்தான் கற்றுக்கொண்டது.

போர் முடிந்து ராணுவத்தின் டிஸ்போசல் வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. செவர்லே, டாட்ஜ், ஃபோர்டு என்று எல்லாமே பெட்ரோல் என்ஜின்கள். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் மில் கம்பெனி தொடங்கியிருந்தார். பஞ்சும் நூலும் நகர வேண்டியிருந்தது. வண்டி இருந்தது, பெட்ரோல் செலவைத் தாங்க முடியவில்லை. அப்போது வந்ததுதான் பெர்க்கின்ஸ் பி6.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்து பெர்க்கின்ஸ் கம்பெனி 1937-ல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் பி6. பெட்ரோல் லாரியின் என்ஜினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார வைக்க ஏற்ற அளவில் செய்தது. 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சென்னை சிம்சன் கம்பெனி, சுதந்திரத்துக்குப் பிறகு அதைச் செம்பியத்தில் செய்ய ஆரம்பித்தது. அதனால் தென்மாவட்டங்களில் அதற்குப் பெர்க்கின்ஸ் என்ற பெயர் நிலைக்கவே இல்லை; சிம்சன் என்ஜின்தான். அதன் சக்தி 83 குதிரைத்திறன். அது வெளியேற்றிய செவர்லே பெட்ரோல் என்ஜின் 90. ஆக, எங்கள் ஊர் முதன்முதலில் பெருமையாகச் செய்துகொண்ட என்ஜின் மேம்பாட்டில் குதிரைத்திறன் குறைந்தது! ஆனால் டீசல் என்ஜினின் இழுவை குறைந்த சுற்றிலேயே வந்துவிடும். கியரை மாற்றி மாற்றி அலற விட வேண்டியதில்லை. ஒரு கேலனுக்குக் கூடுதல் மைலும் கொடுத்தது. முதலாளிமார் அதைத்தான் பார்த்தார்கள்.

என்ஜின் கனம் கூடியதால் முன்பட்டை தாழ்ந்தது, ஸ்டியரிங் கல்லாக இருந்தது, பிரேக் போதவில்லை. பட்டைக்கு ஒரு பிளேட் கூட்டுவார்கள், ஸ்டியரிங்கை ஓட்டுநரின் தோளுக்கு விட்டுவிடுவார்கள், பிரேக்கைக் கடவுளுக்கு விட்டுவிடுவார்கள். எங்கள் வட்டாரத்தில் பிரேக்கை முறையாக மேம்படுத்திக்கொண்ட பெரிய வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ஒன்றுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு வந்துவிட்டன.

பிறகு டீசலிலேயே பிறந்த லாரிகள் வந்தன. 1948-ல் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டாடாவின் மெர்சிடிஸ் பென்ஸ் லாரி 1954-ல் வந்தது. லேலண்ட்காரர்கள் 370, 400 என்று பேசுவார்கள்; அது என்ஜினின் கன அங்குலக் கணக்கு. டாடாக்காரர்கள் 1210 என்பார்கள். முன்னால் உள்ளது மொத்த எடை டன்னில், பின்னால் உள்ளதைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். பன்னிரண்டு டன்னை நூறு குதிரை இழுக்கும் என்று வண்டியின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. அதில் பதினைந்து டன் ஏற்றிவிட்டுப் புல்லிங் இல்லை என்று வருவார்கள்.

நான் தொழிலுக்கு வந்த எழுபதுகளில் 1973 எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையை ஏற்றிவிட்டிருந்தது. லாரிக்கு முடிந்துபோன மாற்றம் இப்போது சின்ன வண்டிகளுக்கு வந்தது. ஜீப், டாக்சி, சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு 20 வேன் என்று பெட்ரோல் வண்டி எதைக் கண்டாலும் டீசல் என்ஜின் மாட்டச் சொன்னார்கள். அம்பாசிடரே டீசலில் வந்தபோது அதன் 1489 சிசி என்ஜினுக்கு 37 குதிரைத்திறன்தான். குடும்பத்தோடு குற்றாலம் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் அதையும் கழற்றிவிட்டு மேட்டடார் என்ஜினைப் போட்டார்கள். மகிந்திரா ஜீப்பில் எழுபது சொச்சம் குதிரைத்திறன் கொண்ட ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் இருந்தது. அதன் இடத்தில் வந்த பிஜோ டீசல் 2112 சிசி, 62 குதிரைத்திறன். இங்கும் எண் குறைந்தது, தோப்புக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். மாங்காய்க் கூடைகளோடு மண்பாதையில் ஏறுவதற்கு நாலாயிரம் சுற்றில் வரும் சக்தி எதற்கு?

எண்பதுகளில் டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி, மஸ்டா என்று ஜப்பான் கூட்டுறவில் சின்ன லாரிகள் வரிசையாக வந்தன. 1986-ல் டாடா 407 வந்ததும் எங்கள் பக்கம் பெரும்பாலும் அதற்கே சாய்ந்தது. 1988-ல் டாடாமொபைல் வந்தது; பிக்அப் என்ற சொல்லை ஊர் அதற்குப் பிறகுதான் தாராளமாகப் புழங்க ஆரம்பித்தது.

இனி என் தொழில் ரகசியத்துக்கு வருகிறேன். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் டீசல் பம்பில் ஃபுல் லோடு ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஒரு அடிக்கு எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்தும். கம்பெனி அதற்கு ஈய முத்திரை வைத்து அனுப்பும். "சீலைத் தட்டிவிட்டு ஒரு சுத்து குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். கொடுத்தால் சக்தி கூடும், அது உண்மை. ஆனால் ஒரு கிலோ டீசல் முழுக்க எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். டர்போ இல்லாத என்ஜின் தன் சிலிண்டர் கொள்ளும் காற்றைத்தான் இழுக்கும். டீசலைக் கூட்டலாம், காற்றை எங்கிருந்து கூட்டுவது? மிச்ச டீசல் கறுப்புப் புகையாகப் போகும். அது முதலாளியின் காசு. புளியரை ஏற்றத்தில் விடாமல் மிதித்தால் சூடு ஏறி ஹெட் கேஸ்கட் போகும், பிஸ்டன் தலை உருகும்.

அதனால் நான் முதலில் ஸ்க்ரூவைத் தொட மாட்டேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பேன். சிமென்ட் லோடு வண்டியில் அது அடைத்துப்போய்க் கிடக்கும். பிறகு நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் போட்டு, பனி மாதிரி அடிக்கிறதா, சொட்டுகிறதா என்று பார்ப்பேன். அடுத்தது டைமிங். அதற்கும் பிறகு பம்பை பெஞ்சில் ஏற்றி ஆறு சிலிண்டருக்கும் டீசல் சமமாகப் போகிறதா என்று குழாய்களில் அளப்பேன். பெரும்பாலான வண்டிகளுக்குப் போன புல்லிங் இதிலேயே திரும்பி வந்துவிடும். புதிதாகச் சக்தி எதையும் கொடுக்கவில்லை. கம்பெனி கொடுத்ததை மீட்டுத் தந்தேன், அவ்வளவுதான். அதற்கு மேலும் இழுவை கேட்பவரிடம் கிரவுன் பினியனை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். மேல் வேகம் குறையும், ஏற்றத்தில் இழுக்கும். பேண்டேஜ் வண்டிக்கு அதையே செய்தால் மதுரைக்குப் போய்வரும் டீசல் கணக்கு கெட்டுவிடும்.

டர்போ பரவலாக வந்தபோதுதான் காற்றுப் பிரச்சினை தீர்ந்தது. வெளியே போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றி உள்ளே காற்றை அமுக்கும். இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர வைத்து இன்னும் கொள்ள வைக்கும். சிலர் பழைய என்ஜினுக்கும் டர்போ மாட்டக் கேட்டார்கள். கம்பெனி டர்போ என்ஜினில் பிஸ்டன் வேறு, அதற்குக் கீழிருந்து ஆயில் பீய்ச்சும் ஏற்பாடு வேறு. அதெல்லாம் இல்லாத பழைய பிளாக்குக்கு டர்போ பொருந்தாது என்பதே என் தீர்ப்பு, இன்றைக்கும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. இண்டிகா காரின் நாலு சிலிண்டர் என்ஜினில் பாதி: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். சிம்சன் என்ஜினின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது, யானைக்குரிய பாரத்தையும் வைத்தது. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் தேங்காய். எனக்கு வேலை நிறைய வந்தது என்பதை மறைப்பானேன்! 2011-ல் ஓசூரிலிருந்து லேலண்ட் தோஸ்த் வந்தபோது அதில் டர்போவும், டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்தும் காமன் ரெயிலும் பிறவியிலேயே இருந்தன. என் காலத்து நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும்; காமன் ரெயில் 1,600 பாரைத் தொடும். அதில் திருப்ப ஸ்க்ரூவே கிடையாது.

2017-ல் பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுக்க வந்தது, 2020 ஏப்ரலில் 6 வந்தது. இப்போது லேப்டாப்போடு வருகிற தம்பிகள் ரீமேப் செய்கிறார்கள். அடிப்படையில் அது என்னுடைய பழைய ஸ்க்ரூதான். டீசலையும் டர்போ அழுத்தத்தையும் மென்பொருளில் கூட்டுகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைக்குத் தப்பு செய்தால் புகை காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்குப் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி புகைக்கரியை விழுங்கிவிடுகிறது; அது அடைத்துக்கொண்டு வண்டி நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். செலவும் என் காலத்துச் செலவு இல்லை. சட்டமும் அன்று போல் இல்லை. எழுபதுகளில் என்ஜினை மாற்றி ஆர்.சி.யில் எழுதி வாங்கிவிடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2000-ல் இறுக்கினார்கள். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே எந்த என்ஜின், எவ்வளவு இழுவை என்ற முடிவு பட்டறையை விட்டு ஷோரூமுக்குப் போய்விட்டது. பிக்அப் எடுக்கப்போகிற தம்பிகள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கடந்த மாதத்து எடைமேடைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். நிஜமாக ஏற்றுகிற எடைக்கு எழுதிய வண்டியை எடுங்கள். குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், இழுவை எத்தனை சுற்றில் வருகிறது என்று கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் பக்கத்துப் பட்டறைகளின் மூலைகளில் சிம்சன் பிளாக், பழைய மைக்கோ பம்ப், பெஞ்ச் அளவுகள் எழுதிய எண்ணெய்க் கறை நோட்டு என்று கிடக்கின்றன. மாதா மாதம் ஏதாவது ஒன்று பழைய இரும்புக்குப் போகிறது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் என்ஜின் படிக்கிற பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வந்து, எடுத்துப்போக முடிந்ததை எடுத்துப்போகலாம். முடியாததைப் படமாவது பிடித்துக்கொள்ளலாம். என் நோட்டை முதலில் தருகிறேன்.