வெண்ணெயும் உப்பும்: வட கரேலியா, அகிதா

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் இதய நோயாலும் இரத்தக்குழாய் நோயாலும் இறந்தவர்கள் 1 கோடியே 79 லட்சம் பேர். அந்த ஆண்டில் உலகெங்கும் நேர்ந்த மரணங்களில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரின் உயிரை வாங்கியவை மாரடைப்பும் பக்கவாதமும். அறிக்கைகளில் இரண்டும் ஒரே வரிசையில் கூட்டப்பட்டுவிடுகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன, எப்படிக் குறைகின்றன என்று அறிய வேண்டுமானால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பின்லாந்தின் கிழக்கு எல்லையிலுள்ள வட கரேலியாவையும் ஜப்பானின் வடகிழக்கிலுள்ள அகிதாவையும்விடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே பனி கொட்டும் நாட்டுப்புறங்கள். இரண்டிலும் உடலை முறித்து உழைத்த குடியானவர்கள். அறுபதுகளில் இரண்டு இடங்களிலும் நடுவயது ஆண்கள் திடீர் திடீரென்று விழுந்தார்கள். கரேலியாவில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள்; அகிதாவில் விழுந்தவர்களுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டன.

1958-ல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் ஏழு நாடுகளில் தொடங்கிய ஆய்வில் மாரடைப்புக்கு முதலிடம் கிழக்குப் பின்லாந்துக்கு. கடைசி வரிசையில் ஜப்பான். அந்த முடிவைப் பார்த்த பலரும் ஜப்பானியச் சாப்பாட்டைக் கொண்டாடினார்கள். ஆனால் 1951 முதல் 1980 வரை ஜப்பானில் மரணத்துக்கு முதல் காரணமாக இருந்தது பக்கவாதம். கீஸின் ஆய்வு நடந்த ஜப்பானியக் கிராமங்கள் தெற்கே கியூஷூ தீவில் இருந்தன. நோயின் கொடுமை அதிகமாக இருந்ததோ வடக்கே. இதயத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டை ஆரோக்கியமானது என்று சொன்னது பெரிய பிழை என்றே கருதுகிறேன். இதயத்துக்கும் மூளைக்கும் ஓடுவது ஒரே இரத்தம். எந்தக் குழாயில் சேதம் முதலில் தெரிகிறது என்பதில்தான் இந்த இரு ஊர்களும் வேறுபட்டன.

வட கரேலியாவின் சாப்பாட்டு மேசையில் பாலாடை நீக்காத பாலும், ரொட்டியில் தடித்த வெண்ணெயும், கொழுப்புள்ள இறைச்சியும் இருந்தன. காய்கறிக்கு அங்கே மதிப்பில்லை. ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் புகைத்தார்கள். இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு இதயத்தின் தமனிச் சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிந்து திட்டாகிறது. ஒருநாள் அந்தத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட உழைக்கும் ஆண்களில் ஆண்டுக்கு லட்சத்தில் அறுநூறுக்கும் அதிகமானோர் இப்படி மாண்டார்கள்.

அகிதாவின் கதை வேறு. அது நெல் விளையும் பூமி. குளிர்காலம் முழுக்க வயலைப் பனி மூடிக்கிடக்கும். முள்ளங்கியையும் கீரையையும் உப்பில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்துத் தின்றார்கள். முள்ளங்கியை அடுப்புப் புகையில் உலர்த்திப் பிறகு உப்பிலிடும் இபுரிகாக்கோ என்ற ஊறுகாய் இன்றும் அந்த ஊரின் பெருமை. கிண்ணம் கிண்ணமாகச் சோறு. அதை உள்ளே தள்ள ஊறுகாய், உப்புமீன், வேளைக்கு வேளை மிசோ சூப். 1960-ல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால் வெளியிட்ட ஒப்பீட்டில் வட ஜப்பானியர் நாளொன்றுக்கு உண்ட உப்பு சுமார் 27 கிராம். உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் கீழே. இறைச்சியும் பாலும் முட்டையும் அரிது, ஆகவே இரத்தத்தில் கொழுப்பும் குறைவு. இதயத் தமனிகள் தப்பின. ஆனால் உப்பால் ஏறிய இரத்த அழுத்தம் மூளைக்குள் ஆழமாக ஓடும் நுண்ணிய குழாய்களை இடிஇடியென்று இடித்தது. வலுவிழந்த சுவர் பிளந்து மூளையில் இரத்தம் கசிந்தது.

ஒருவேளை இது அவரவர் பிறவிக் கூறோ என்ற ஐயம் எழலாம். 1965-ல் தொடங்கிய ஓர் ஆய்வு, ஜப்பானில் வாழும் ஜப்பானிய ஆண்களையும், ஹவாயிலும் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் குடியேறி வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரையும் ஒப்பிட்டது. அமெரிக்காவை நெருங்க நெருங்க மாரடைப்பு ஏறியது. பக்கவாதமோ ஜப்பானில் இருந்தவர்களிடமே அதிகம். ஒரே வம்சம், சாப்பாடும் வாழ்க்கையும் மாறியதும் நோயும் இடம் மாறியது.

இரண்டு ஊர்களும் என்ன செய்தன என்பதில்தான் என் அக்கறை முழுவதும். 1971-ல் வட கரேலியா மக்களின் பிரதிநிதிகள் ஒரு மனுவில் கையெழுத்திட்டு அரசிடம் உதவி கேட்டார்கள். மறுவருடம் திட்டம் தொடங்கியது. தலைமை ஏற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது வயது முப்பதுகூட இல்லை. மருத்துவமனைக்குள் உட்கார்ந்து செய்ய இதில் அதிகமில்லை என்பதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்பின் பெண்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பழைய பதார்த்தங்களைக் கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்துக் காட்டி, அங்கேயே பரிமாறினார்கள். உள்ளூர்த் தொத்திறைச்சி ஆலையொன்று கொழுப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காளானைச் சேர்த்தது. இரத்தக் கொழுப்பளவை அதிகம் குறைப்பது எந்தக் கிராமம் என்று போட்டி வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பிழைப்பு அது, எதிர்க்காமல் எப்படி இருப்பார்கள்? அவர்களில் சிலரைப் பெர்ரிப் பழச் சாகுபடிக்குத் திருப்பும் வேலையும் நடந்தது. 1976-ல் நாடு முழுவதற்கும் புகையிலைச் சட்டம் வந்தது. நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் எண்பது சதவீதத்துக்கும் மேல் இறங்கியது.

அகிதாவில் ஹச்சிரோகாதா ஏரிக்கரையில் இகாவா என்றொரு விவசாய ஊர். அங்கே 1963-லேயே வேலை தொடங்கிவிட்டது. கூட்டத்தையும் விளம்பரத்தையும்விட இங்கே இரத்த அழுத்தக் கருவிக்குத்தான் வேலை அதிகம். ஆண்டுதோறும் ஊரையே வரவழைத்து அழுத்தம் பார்த்தார்கள். அதிகம் இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். பொதுச் சுகாதாரச் செவிலியர் வீடு தேடிப்போய், மாத்திரை சாப்பிடுகிறாரா, உப்பைக் குறைத்தாரா என்று விசாரித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1961-ல், ஜப்பானியர் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைத்திருந்தது. அது இல்லாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவது வெறும் பேச்சாக நின்றிருக்கும். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையோடு படியேறி வரும் பெண்களைப் பார்க்கும்போது, இகாவாவின் செவிலியர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

கரேலியா கடையையும் ஆலையையும் சட்டத்தையும் மாற்றப் பார்த்தது, இகாவா ஒவ்வோர் ஆளாகப் பார்த்தது. கொழுப்பு ஒட்டுமொத்த ஊரின் உணவுச் சந்தையிலிருந்து வருவது. சந்தை மாறாமல் தனி ஆளால் ஓரளவுக்குமேல் தப்ப முடியாது. இரத்த அழுத்தமோ வலியில்லாமல் ஒளிந்திருப்பது. கையில் பட்டையைச் சுற்றி அளந்தால்தான் தெரியும், தெரிந்தால் விலை மலிந்த மாத்திரையால் இறக்கிவிடலாம். நோயின் குணமே வழியைத் தீர்மானித்தது என்று எனக்குப் படுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்தே வரும் ஏழை நாடுகளில் இரண்டு வழிகளையும் ஒருங்கே நடக்கத்தான் வேண்டும். உலகின் இத்தகைய மரணங்களில் முக்கால் பங்குக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தரமான நாடுகளில்தான் நிகழ்கிறது. அங்கெல்லாம் முதலில் எதைத் தொடங்குவது என்று கேட்டால், நான் இகாவாவின் பக்கம் நிற்பேன். ஆலைகளோடு மல்லுக்கட்டப் பல ஆண்டு பிடிக்கும். அளக்கும் கருவியை நாளைக்கே கொண்டுபோகலாம்.

வெற்றியின் கணக்கில் இரண்டுமே கேள்விக்கு உட்பட்டவை. கரேலியாவுக்கு ஒப்பாக வைத்த பக்கத்து மாகாணம் குவோப்பியோவிலும் மாரடைப்பு இறங்கிக்கொண்டே வந்தது. குறைந்ததில் எவ்வளவு இந்தத் திட்டத்தால் என்று விமரிசகர்கள் கேட்டது நியாயம். இகாவாவில் ஆண்களின் பக்கவாதம், திட்டம் அரைகுறையாக நடந்த இன்னோர் ஊரைவிடத் தெளிவாக வேகமாய்க் குறைந்தது. பெண்களிடம் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேலும் அந்த ஆண்டுகளில் ஜப்பானியர் உணவில் பாலும் முட்டையும் இறைச்சியும் கூடின; மூளை இரத்தக் கசிவு குறைந்ததில் அதற்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பின்லாந்துக்காரரிடம் குறைக்கச் சொன்ன அதே பொருள், அகிதாவின் வறண்ட தட்டில் கொஞ்சம் சேர்ந்தபோது நன்மை செய்திருக்கிறது.

இரண்டு இடத்திலும் வேலை முடிந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இறங்கிவந்த இரத்தக் கொழுப்பளவு, பின்லாந்தில் 2012-ல் எடுத்த கணக்கெடுப்பில் சற்றே ஏறியிருந்தது. வெண்ணெய் ரொட்டிமீது திரும்ப வந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் உண்ணும் உப்பு முன்பைவிடக் குறைந்தும், சராசரி இன்னும் நாளுக்குப் பத்து கிராமை ஒட்டியே நிற்கிறது.