கடல்பாசியும் புற்றுநோய் ஆய்வும்: ‘லேப்பில் நிரூபணம்’ என்றால் என்ன?

நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைக்கும் கடல்பாசி அறிவியலின் பார்வையில் ஒரு ஹைட்ரோஜெல். தன்னுள் ஏராளமான நீரைப் பிடித்துக்கொண்டு, ஒழுகாமல் நிற்கும் நுண்ணிய வலைப்பின்னலுக்கு அந்தப் பெயர். 100 மில்லி நீரை உறையவைக்க ஒரு கிராம் அளவு தூள் போதும். மண்டபம், ராமேஸ்வரம் பகுதிப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவைதான் இதன் மூலப்பொருள். அவற்றைக் காய்ச்சி அகர் எடுக்கும் ஆலைகள் பல மதுரை வட்டாரத்தில் இயங்கிவருகின்றன.

இதைச் சமையலறையிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்த்தவர் ஃபான்னி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. அவருடைய கணவர் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்து ஆராய்ந்தவர். அதற்குப் பயன்பட்ட ஜெலட்டின் வெயிலில் உருகி ஓடியது. தான் இனிப்புச் செய்யும் அகரைப் பயன்படுத்திப் பார்க்கும்படி 1881-ல் அவர் யோசனை சொன்னார். உறைந்த அகர் மீண்டும் உருக ஏறக்குறைய 85 டிகிரி வெப்பம் வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலுக்கும் அசையாத பொருள் அது. (ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது, அகர் கடலில் விளையும் பாசி. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கும் நம் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல.)

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. “கருஞ்சீரகம் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கிறது, லேப்பில் நிரூபணம்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் பொய் இல்லை. கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுவினோன் என்ற பொருள், சோதனைகளில் புற்றுசெல்களின் நகர்வைக் குறைத்ததாகப் பல ஆய்வுகள் உள்ளன. ஆனால் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

புற்றுநோயில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணம் முதலில் தோன்றிய கட்டி அல்ல. அதிலிருந்து கிளம்பிய செல்கள் நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று போய்க் குடியேறுவதுதான். இந்தப் பயணத்தைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் பார்க்க முடியாது. உடலுக்குள் செல்களைச் சுற்றி நாற்புறமும் மென்மையான இழைப்பின்னல் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஆய்வகத்தில் வைப்பதுதான் ஜெல்.

1964-ல் மெக்பெர்சன், மான்டாக்னியர் இருவரும் மென்மையான அகருக்குள் செல்களை வளர்த்துப் பார்த்தனர். சாதாரணச் செல்லுக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும்; அகரில் அது கிடைக்காததால் வளர்வதில்லை. புற்றுத்தன்மை அடைந்த செல்களோ அந்தரத்திலேயே பெருகித் திரள்களாயின. இன்றும் இது ஒரு முக்கியச் சோதனை. ஆனால் பிடிமானம் இல்லாத இடத்தில் செல்கள் ஊர்ந்து செல்வதைப் பார்க்க இயலாது. அதற்குக் கொலாஜன் ஜெல்லோ, எலியின் கட்டி ஒன்றிலிருந்து எடுக்கப்படும் மேட்ரிஜெல்லோ தேவை. மேட்ரிஜெல் நம் கடல்பாசிக்கு நேர்மாறு: குளிரில் திரவம், உடல் சூட்டில் உறையும்.

சோதனை இதுதான். அடியில் நுண்துளைகள் கொண்ட சிறு கிண்ணம். ஒவ்வொரு துளையும் சுமார் 8 மைக்ரான், அதாவது முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவு. துளைகளின் மேல் மெல்லிய ஜெல் பூசி, அதன் மேல் புற்றுசெல்களை விடுவார்கள். கிண்ணத்துக்குக் கீழே செல்களை ஈர்க்கும் ஊட்டத் திரவம் இருக்கும். செல்கள் ஜெல்லைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து வழி உண்டாக்கிக்கொண்டு கீழே இறங்கும். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, கீழ்ப்புறம் வந்துசேர்ந்த செல்களுக்குச் சாயமேற்றி எண்ணுவார்கள். மருந்து சேர்த்த கிண்ணத்தில் எண்ணிக்கை குறைந்தால், “பரவலைத் தடுத்தது” என்று எழுதுவார்கள்.

அங்கே மருந்து அளந்து, செல்லின் மீதே நேராக ஊற்றப்படுகிறது. நாம் விழுங்கும் பொருளோ குடலையும் கல்லீரலையும் கடக்க வேண்டும். அதே அளவு கட்டியைச் சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் கிண்ணத்தில் இரத்த ஓட்டமும் கிடையாது.

எனவே ஜெல்லில் தேறியது அடுத்து உயிருள்ள உடலில் தேற வேண்டும். அந்தக் கட்டத்தில் மதுரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து, பின்னர் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை வழிநடத்திய வி.ஆர். முத்துக்கருப்பன், ராபர்ட் அவர்பாக்குடன் சேர்ந்து 1979-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டார். கருவிழியில் இயல்பாக இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே எலியின் கருவிழியில் கட்டியின் சிறு துண்டை வைத்தால், அதை நோக்கி வளர்ந்துவரும் புதிய குழாய்கள் தெளிவாகத் தெரியும். கட்டித் துண்டுக்குப் பதிலாக, பொருளைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் ஹைட்ரோஜெல் வில்லைகளை வைக்கும் முறையும் புழக்கத்தில் உண்டு. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் செய்யப்படும் அதே வகைப் பொருள்.

இரத்தக் குழாய் வளர்வதைத் தடுத்தால் கட்டியை ஒடுக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் எழுதியது 1971. அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004. இடையில் 33 ஆண்டுகள்! சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண்ணில் ஊசியாகப் போடப்படுவதும் இந்த மருந்துதான். நம்மில் பல குடும்பங்களுக்கு அது பழக்கம்.

கருஞ்சீரகத்தின் சிறப்பில் நமக்கு ஐயமில்லை. உணவில் சேர்ப்பதையும் யாரும் தடுக்கவில்லை. சிகிச்சையில் இருப்பவர் அதை எண்ணெயாகவோ மாத்திரையாகவோ எடுத்தால், மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளின் வேகத்தை அது மாற்றக்கூடும். வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், குறிப்பாக வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், உடனே காட்ட வேண்டும். மதுரையில் பாலரெங்காபுரம் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுசெல்லுங்கள்.