கயிறு பிடித்தவனும் இரண்டாம் மூச்சும்

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுவே, கமோர்ட்டாவுக்கு மேற்கில், காடடர்ந்து கிடக்கும் தீவு கட்சால். முதலாம் இராசேந்திர சோழனின் கடார வெற்றியைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று காணப்படுவது இத்தீவுக் கூட்டமே என்பர் வரலாற்றறிஞர். ஆயினும், இன்று அங்கே தமிழ் ஒலிப்பதற்குச் சோழரின் கலங்கள் காரணமல்ல. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையே காரணம். அதன்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவருள் சில குடும்பங்கள் 1970களில் கட்சாலின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றன. மலையிலே பிறந்து வளர்ந்தவர்கள் கடல் நடுவே மரம் சீவ வந்தார்கள்.

அக்குடும்பங்களுள் ஒன்றில் பிறந்த இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு, அலுவல் காரணமாக எனக்கு அறிமுகமானார். சுவராஜ் தீவில் நீர்மூழ்கு வழிகாட்டியாகப் பயிற்சி பெறச் செல்கிறார். “ஐயா, முதல் மூச்சுக் கருவி நல்லதாக வாங்கிவிட்டேன். இரண்டாவது சும்மா தொங்கிக்கொண்டிருப்பதுதானே? மலிவாக ஒன்று வாங்கினால் போதாதா?” என்று கேட்டார். பயிற்சிக் கையேடொன்றை நான் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தமையால், என்னை அத்துறையில் வல்லவன் என்று எண்ணிவிட்டார் போலும்! 2004 டிசம்பர் 26 அன்று கட்சாலைக் கடல் விழுங்க வந்தபோது அவர் கைக்குழந்தை. தாய் இடுப்பில் ஏந்தி மேட்டுக்கு ஓடிப் பிழைத்தாள். அந்தத் தாய்க்கு மகன் கடலில் இறங்குவதில் இன்றும் சம்மதமில்லை. ஆகவே அவ்வினாவை விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்லும் வினாவாக நான் கொள்ளவில்லை.

நேயர்களே, இரண்டாவது மூச்சு என்பது நம்மவர்க்குப் புதிய கருத்தன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். குளியாளி ஒருவன் கனத்த கல்லில் காலை ஊன்றி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் இறங்குவான். ஒரு நிமிடத்தையொட்டிய நேரத்தில் கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் இருப்பவன் இழுப்பான். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவன் இளைப்பாற மற்றவன் இறங்குவான். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கும் வரும்படியில் பங்குண்டு. அப்பங்கு இருபதில் ஒன்று என்று மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். ஆயினும் குளியாளி உண்மையில் நம்பியது மந்திரத்தையன்று, கயிற்றையே. அக்கயிற்றை மனைவியுடன் பிறந்த மைத்துனன் கையிலன்றி வேறெவர் கையிலும் கொடுக்கமாட்டான் என்று கடற்கரையில் வழங்குவர். தங்கையின் தாலி தன் கையிலிருக்கிறது என்பதை அறிந்தவன் கை தளரமாட்டான் அல்லவா? தூத்துக்குடியில் இறுதியாக 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நிகழ்ந்தன. அதன்பின் சலாபம் ஓய்ந்தது.

கயிற்றை விட்டுக் காற்றையே உடன் கொண்டு செல்லும் வழியை நாடியவர் பிரெஞ்சுக்காரர். சுரங்கப் பொறியியலாளர் ரூக்கெரோலும் கடற்படை அதிகாரி டெனெரூசும் 1860களில், மூழ்குவோன் இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவியொன்றை ஆக்கினர். ஜூல் வெர்ன் தமது கடலடிப் புதினத்தில் தம் கதைமாந்தர்க்கு அக்கருவியையே அணிவித்தார். அக்கதையில் கப்பித்தான் நேமோ அதனுடன் மன்னார்ச் சிப்பித்திடலில் இறங்கி, வெறும் மூச்சோடு மூழ்கிய ஏழைக் குளியாளி ஒருவனைச் சுறாவினின்று காப்பாற்றுகிறான். கருவியுடையவனும் கருவியற்றவனும் கற்பனையிலே சந்தித்த இடம் நமது கடல் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

எஞ்சிய கதை விரைவானது. போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காக அமைந்த ஓர் அடைப்பானை, எமில் கக்னான் என்ற பொறியியலாளர் கூஸ்தோவின் வேண்டுகோளுக்கிணங்க மாற்றியமைத்தார். 1943இல் அக்கருவி கடலில் இறங்கியது. 1952 அளவில் ஆஸ்திரேலியாவில் டெட் எல்டிரெட் ஒற்றைக் குழாய்க் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்றைய கருவிகள் யாவும் அவ்வழி வந்தவை. 1957-58இல் ஹன்ஸ் ஹாஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் சரீபா என்ற கப்பலில் நிக்கோபாருக்கே வந்து கடலடியை ஆராய்ந்தார். மணலிற் பாதி புதைந்து, நாணற்காடு போல் அசைந்தாடும் விலாங்கினம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அக்காலத்தில் ஒருவனுக்குக் காற்றுத் தீர்ந்தால் என் செய்வது? தோழன் தன் வாயிலிருந்ததை எடுத்து அவனிடம் கொடுக்க வேண்டும். அவன் இருமுறை மூச்சிழுத்துத் திருப்பித் தர வேண்டும். குளத்தில் இது எளிது. மூச்சுத் திணறுபவன் கையில் கிடைத்ததை எளிதில் திருப்பித் தருவானா? 1960களின் நடுவில் பஹாமாசில், கருவியோடு மற்றொரு வாய்க்கருவியையும் இணைத்துக்கொள்ளும் வழக்கம் தொடங்கியது. குகைகளில் மூழ்குவோர் அதை மேற்கொண்டனர். பின்பு யாவர்க்கும் பொதுவாயிற்று. குழாய்கள் பல தொங்குவதால் ஆக்டோபஸ் என்று பெயர். எங்கள் கரையில் அப்பிராணிக்குப் பேய்க்கணவாய் என்று பெயர். உயிர் காக்கும் கருவிக்குப் பேய்ப்பெயர் சூட்ட மனம் வரவில்லை. “மாற்றுச் சுவாசச் சீராக்கி” என்று எழுதிக் கொடுத்தேன். மைத்துனன் என்றே எழுதியிருப்பேன். கோப்பு திரும்பி வந்திருக்கும்!

இளைஞருக்கு நான் சொன்ன விடை இது. தம்பி, அது தொங்குவது உனக்காக அன்று. உன்னை நம்பி இறங்கும் புதியவனுக்காக. பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் தரையிற் போல் இருமடங்கு காற்று வேண்டும். முப்பதில் நான்கு மடங்கு. இருவர் இழுத்தால் எட்டு மடங்கு. அஞ்சியவன் இழுப்பதற்கு அளவேயில்லை. இவ்வளவும் உருளையின் வாயிலுள்ள முதற்படி அடைப்பான் ஒன்றின் வழியே வர வேண்டும். ஆதலால் முதலில் அதைப் பார். உருளையில் அழுத்தம் குறைந்தாலும் இழுப்பு கடினமாகாதபடி சமன் செய்யப்பட்டதாக அது இருக்கட்டும். ஆபத்து வருவது பெரும்பாலும் உருளை வற்றும் வேளையில்தான். இரண்டாம் வாய்க்கருவி, காற்றைத் தானே வீணாகக் கொட்டாதபடி சற்று இறுக்கமாகவே வைக்கப்படும். அது அதன் குணம். அதற்காக, இழுக்கவே இயலாத மலிவுப் பொருளை வாங்கலாகாது. மேல்கீழ் பாராமல் எப்படிக் கடித்தாலும் வேலை செய்யும் அமைப்பு, பதறுபவனுக்கு உதவும். மஞ்சள் நிறம், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளக் குழாய், முகவாய்க்கும் விலாவுக்கும் இடையே கண்ணில் படும் இடம், இவை வேண்டும். குளிர்நாட்டார்க்கான உறைபனித் தடுப்புக்கு அந்தமான் கடலில் வேலையில்லை. அதற்குப் பணம் கொடாதே. இரண்டும் ஒரே நிறுவனத்தாருடையதாக இருந்தால் உதிரிப் பாகங்கள் தேடி அலைய வேண்டாம்.

அவர் பொறுமையுடன் கேட்டார். பிறகு, “நீங்கள் இவ்வளவு சொன்னதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?” என்றார். கயிறு பிடித்த மைத்துனன் கதையைச் சொல்லும்படி கூறினேன்.

கட்சால் பழங்குடியினரின் காப்புநிலம். வெளியார் அனுமதியின்றிக் கால் வைத்தலாகாது. ஆகவே பயிற்சி முடிந்தாலும் அவர் பிழைப்பு வடக்கே சுவராஜ் தீவில்தான். மூன்று மாதத்துக்குப் பின் ஒரு கடிதம் வந்தது. முதற்படியை மாற்றிவிட்டாராம், கைக்கடிகாரம் வாங்க வைத்திருந்த பணம் அதற்கே போயிற்றாம். ஊருக்குக் கப்பலேறியபோது மஞ்சட் குழாயைப் பையில் வைத்து எடுத்துச் சென்றிருக்கிறார். தாய் அதை வாயில் வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, இரப்பர் வாடை அடிக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.