பலாஸ்ட் நீர் மேலாண்மை

சரக்கின்றி ஓடும் கப்பல் தள்ளாடாமலிருக்கத் தொட்டிகளில் நிரப்பும் நீரே பலாஸ்ட் நீர். ஏற்றிய துறையின் உயிரினங்களும் அதில் பயணிக்கும். எண்ணூர் மீனவர் ‘காக்கா ஆழி’ என்றழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி (மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா) கப்பல் வழியே வந்ததாகவே கருதப்படுகிறது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத் தரையில் பாய்போல் படர்ந்து, இறால் வாழும் மண்ணை மூடிவிடுகிறது.

இத்தகைய பரவலைத் தடுக்க 2004இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8இல் நடப்புக்கு வந்தது, தாமதம் சிறிதல்ல. மேலாண்மைத் திட்டம், பதிவேடு, சான்றிதழ் மூன்றும் கப்பலில் இருக்க வேண்டும். கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால் நீரை மாற்றுவது தொடக்கக்கால ஏற்பாடு. இப்போது வடிகட்டி, புற ஊதாக்கதிர் அல்லது குளோரின் கொண்டு சுத்திகரிக்கிறார்கள். வெளியேற்றும் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலுமுள்ள உயிர்கள் கனமீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும்.